ஜப்பானில் மத்தியான நடை: வன்னியில் இருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் பின்னேரங்களில் ஜப்பானிய மொழி படிப்பிக்கிறேன். பரந்தன், இராமநாதபுரம், மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எல்லாப் பக்கத்தாலும் பிள்ளைகள் வருகிறார்கள். அநேகமானோர் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள். 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் ஒரு உடன்பாட்டில் கையெழுத்திட்டபின் திறந்த வழி அது. சோதனைகளில் சித்தியடைந்தால் ஐந்து வருடம் வரை அங்கே வேலை செய்யலாம்.

வகுப்பு முடிந்ததும் என்னைச் சுற்றி நின்று சம்பளம் கேட்பார்கள், குளிர் கேட்பார்கள், டோக்கியோ கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போய் நடவுங்கள். அதே தெருவில், ஒவ்வொரு வேலை நாளும்.

நான் ஷிசுவோக்கா மாகாணத்தில் ஹமமட்சு நகரின் கடலோரப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். எங்களைப்போல வெளிநாட்டில் இருந்து வந்து, ஒப்பந்தம் முடியுமுன்னே மனம் உடைந்து திரும்பிப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேலை கடினம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த ஜப்பான் மூன்றே இடம்: தங்குமிடம், வேலைத்தலம், சாமான் வாங்கும் பெரிய கடை. தெருவில் போகும்போது முகம் பார்த்துத் தலை அசைக்க ஒரு ஆள் கூட இல்லாத ஊரில் எவ்வளவு காலம் இருக்க முடியும்? டோக்கியோ கோபுரத்தின் கீழே நின்று படம் எடுப்பது அந்தத் தனிமைக்கு மருந்தாகாது. வெண்காயத் தோட்டத்து ஐயா ஒருவர் "இண்டைக்குக் காற்று பலம்" என்று சொல்லிவிட்டுப் போவது மருந்தாகும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

ஜப்பானியத் தொழிற்சட்டத்தின்படி ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 45 நிமிட இடைவேளை, எட்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் குறைந்தது ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தைத் தொழிலாளி தன் விருப்பப்படி பாவிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனவே வெளியே போவது உங்கள் உரிமை. ஆனாலும் சொல்லாமல் போகாதீர்கள். முதல் நாள் பொறுப்பாளரிடம் "சொத்தோ நி தெத்தெமோ ஈ தெஸ் கா" என்று கேளுங்கள், வெளியே போகலாமா என்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கதவடியில் "இத்தெக்கிமாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும், நாங்கள் வீட்டில் "போட்டு வாறன்" என்று சொல்வதுபோல. சில முதியோர் இல்லங்களில் சீருடையோடு வெளியே போகக் கூடாது. மேலே ஒரு மெல்லிய சட்டை போட்டுக்கொண்டு போனால் சரியா என்று கேட்டு வையுங்கள். பராமரிப்பு வேலையில் எல்லோருக்கும் பன்னிரண்டு மணிக்கே இடைவேளை கிடைக்காது. ஆள் மாற்றி ஆள் போவோம். எனக்குப் பல நாள் ஒரு மணிக்குத்தான் கிடைக்கும்.

ஒரு மணித்தியாலத்தில் சாப்பாட்டுக்குக் கால் மணித்தியாலம், நடைக்கு அரை மணித்தியாலம், மிச்சம் கை கழுவி, உடுப்பு மாற்றி, ஐந்து நிமிடம் முன்னதாகவே திரும்பி நிற்க. அங்கே சரியான நேரம் என்பது அந்த ஐந்து நிமிடம் முன்னதுதான்.

இன்னொரு விஷயம், இது அம்மாமாருக்கும் சேர்த்து. ஜப்பான் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னே போகிறது. அங்கே மத்தியானம் பன்னிரண்டு என்றால் இங்கே காலை எட்டரை. வீட்டு வேலை கொஞ்சம் ஓய்ந்து அம்மா போனைக் கையில் எடுக்கிற நேரம் அது. வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால் எடுக்காமல் இருக்கப் பிள்ளைக்கு மனம் வராது, இடைவேளை முழுக்க அதிலேயே போய்விடும். ஊரில் இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள்: இங்கே பின்னேரம் ஐந்தரை, அங்கே இரவு ஒன்பது, அந்த நேரம் கதைப்போம் என்று. என் வகுப்பில் ஒரு தங்கச்சி தாயோடு இதைக் கதைத்தபோது தாய் அழுதுவிட்டா. இரண்டு நாள் கழித்துத் தாயே வந்து "ஐந்தரை எண்டால் நல்லம் ரீச்சர், விளக்கும் வைச்சு முடிச்சிடுவன்" என்றா.

பொக்கற்றில் இருக்க வேண்டியவை

வதிவிட அட்டை. தங்குமிடத்தில் லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் அதை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் இரண்டு இலட்சம் யென் வரை தண்டம் வரலாம். பொலிஸ்காரர் கேட்டால் அமைதியாக எடுத்துக் காட்டுங்கள். பொலிஸ் என்றாலே எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு படபடக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அங்கே தெருமுனையில் சிவப்பு விளக்கோடு இருக்கிற சின்னக் காவல் அறை, கோபான் என்பார்கள், நீங்கள் வழி கேட்கவும் தொலைந்த பணப்பையைத் தேடவும் போகிற இடம். முதல் கிழமையிலேயே ஒருமுறை உள்ளே போய், தெரிந்த இடத்துக்கே வழி கேளுங்கள். பயம் அப்படித்தான் போகும்.

சில்லறை வையுங்கள், முக்கியமாக 100 யென் குற்றிகள். ஒரு கைக்குட்டை, ஏனென்றால் பல பொது மலசலகூடங்களில் கை துடைக்கக் கடதாசி இருக்காது. குப்பைக்கு ஒரு சின்னப் பை. தெருவில் குப்பைத்தொட்டி தேடி நடந்தால் கால்தான் நோகும். 1995 இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்தபின் பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். கச்சான் கோது என்றாலும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தெருவில் இறங்கும்போது

வாகனம் எங்கள் நாட்டில் போலவே இடது பக்கம்தான் ஓடும், அந்த வகையில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். நடைபாதை இல்லாத தெருவில் நடப்பவர் வலது கரையால் போக வேண்டும், எதிரே வருகிற வாகனம் முகத்துக்கு நேரே தெரிகிற மாதிரி. குடியிருப்புத் தெருக்கள் ஒடுக்கமானவை. மதில் முடிகிற மூலைகளில் செம்மஞ்சள் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடி இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வரும். சமிக்ஞை விளக்கு சிவப்பு என்றால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் நில்லுங்கள். பக்கத்தில் ஒரு பாடசாலைப் பிள்ளை நின்றால் கட்டாயம் நில்லுங்கள், அது உங்களைப் பார்த்துப் படிக்கிறது.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைப்புள்ள கற்கள் பதித்திருக்கும். 1967 இல் ஒகயாமா நகரில்தான் உலகிலேயே முதலில் பதித்தார்கள். கண் தெரியாதவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழி பிடிக்கிற கற்கள் அவை. அதன்மேல் நின்று போன் பார்க்காதீர்கள், சைக்கிளை நிறுத்தாதீர்கள். போரில் பார்வை இழந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள். கண்டி வீதியில் பாதிக்குக் கூட அப்படி ஒரு கல் வரிசை வராதா என்று அதைக் காணும் போதெல்லாம் நினைப்பேன்.

வழி தவறும் என்று பயப்பட வேண்டாம். தெருவுக்குப் பெயர் தேடாதீர்கள், பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. வட்டாரம், தொகுதி, வீடு என்று இலக்கத்தில்தான் விலாசம் போகும். மின்கம்பங்களிலும் மதில்களிலும் ஒட்டியிருக்கிற சின்னத் தகட்டில் அந்த இலக்கம் இருக்கும். வேலைத்தலத்து வாசலில் உள்ளதை முதல் நாளே படம் எடுத்து வையுங்கள்.

ஒரே சுற்று

முதல் மாதம் புதுப்புது இடம் தேடிப் போகாதீர்கள். பதினைந்து நிமிடம் போய், வேறு தெருவால் பதினைந்து நிமிடம் திரும்புகிற ஒரு சுற்றைத் தெரிவு செய்து அதையே நடவுங்கள். அதில் ஒரு கொன்பினி, அதாவது இருபத்துநாலு மணித்தியாலக் கடை, ஒரு பூங்கா, ஒரு பாடசாலை, ஒரு கோவில், முடிந்தால் ஒரு கோபான் இருக்கட்டும்.

என் சுற்று இப்படி. இல்லத்தின் பின் வாசலால் இறங்கினால் மணல் மண்ணில் வெண்காயத் தோட்டம். ஹமமட்சுவின் கடலோரத்துப் புது வெண்காயம் தை மாதத்திலேயே சந்தைக்கு வந்துவிடும், ஜப்பானிலேயே முந்தி வருகிறவற்றில் ஒன்று. தோட்டம் தாண்டினால் ஒரு சலூன், வாசலில் சிவப்பு நீலக் கம்பு சுழன்றுகொண்டிருக்கும். பிறகு சீமெந்து வாய்க்கால். அதன் கரையில் கல்லால் செய்த சின்ன ஜிஸோ, வழியோரச் சாமி. பிறகு ஆரம்பப் பாடசாலை. அந்த நேரம் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டு, தாங்களே ஒருவருக்கொருவர் சாப்பாடு பரிமாறி முடித்துவிட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பாடசாலைக்கு அங்கால் பூங்கா, இரண்டு வாங்கு, மேல்நோக்கிப் பீறிடுகிற ஒரு தண்ணீர்க் குழாய். குடிக்கலாம், நல்ல தண்ணீர். பூங்காவில் இருந்து திரும்பும் வழியில்தான் அந்த மரக்கறித் தட்டு.

ஆள் இல்லாத கடை அது. ஒரு தோட்டக்காரர் வீட்டுப் படலையோரம், தகரக் கூரை, மூன்று தட்டுப் பலகை. கத்தரிக்காய் ஐந்தாறு ஒரு பையில், முள்ளங்கி, காலத்துக்கேற்ற கீரை, மாரி தொடங்கியதும் மிக்கபி தோடம்பழம், இங்கத்தையக் கமலாத் தோடையின் இனம், கை நகத்தால் தோல் உரிந்துவிடும். ஒரு மட்டையில் கையால் விலை எழுதியிருக்கும், பெரும்பாலும் 100 யென். பக்கத்தில் மேல் மூடியில் பிளவு வெட்டிய பெட்டி. காசைப் போட்டால் உள்ளே 'டக்' என்று கேட்கும். பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மிச்சக் காசு தர ஆள் இல்லை, அதனால்தான் 100 யென் குற்றி வையுங்கள் என்று சொன்னேன். பையைத் திறந்து பொறுக்கக் கூடாது. காலையிலேயே நல்லவை போய்விடும். மத்தியானம் கிடைப்பதை எடுங்கள். ஆடி மாதத்தில் அந்தக் கத்தரிக்காயைக் கொண்டுபோய் இரவு பொரித்துக் குழம்பு வைப்பேன். அம்மா இடித்து அனுப்பிய கறித்தூள் எட்டு மாதம் காணும்.

முதல் தரம் காசு போடும்போது என்னை அறியாமல் சுற்றிப் பார்த்தேன், யாராவது நான் போட்டதைக் காண்கிறார்களா என்று. வெளிநாட்டு முகம், நம்புவார்களா என்ற பயம். அந்தப் பெட்டி யாரையும் நம்பாமல் அங்கே வைக்கப்பட்டிருக்க முடியாது என்று பிறகு எனக்கு விளங்கியது. தயங்காமல் வாங்குங்கள்.

வாய் திறந்து சொல்ல வேண்டியது

இதுதான் நடையின் முக்கிய பகுதி. சொல் கொஞ்சம்தான். "கொன்னிச்சிவா", கூடவே தலையை ஒரு சிறு அசைப்பு. நடையை நிறுத்தத் தேவையில்லை. யாருக்குச் சொல்வது? வாசல் கூட்டுகிறவர், தோட்டத்தில் நிற்கிறவர், நாயைக் கூட்டிப் போகிறவர், கடைக்காரர். யாருக்குச் சொல்லத் தேவையில்லை? அவசரமாகப் போகிற அலுவலகக்காரர், பெரிய வீதியில் போகிற எல்லோரும். தனியாகப் போகிற சின்னப் பிள்ளைகளை நீங்களாகப் பேச்சுக்கு இழுக்க வேண்டாம். முன்பின் தெரியாதவர்களோடு கதைக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்களாக வணக்கம் சொன்னால் சிரித்துப் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

முதல் கிழமை பதில் வராமலும் போகலாம். இரண்டாம் கிழமை தலை அசையும். அதற்குப் பிறகு காலநிலை. வெயில் என்றால் "அட்சுயி தெஸ் நே", குளிர் என்றால் "சமுயி தெஸ் நே". எங்கள் பக்கத்தில் மாரி முழுக்க வடமேற்கால் வறண்ட காற்று அடிக்கும், என்ஷூக் காற்று என்று ஊரே சொல்லும், சைக்கிளை எதிர்க்காற்றில் மிதிக்க முடியாது. "கஸே கா ட்சுயோயி தெஸ் நே", காற்று பலமாக இருக்கு என்ன, என்றால் அந்தப் பகுதியில் எந்தக் கதவும் திறக்கும்.

வெண்காயத் தோட்டத்து ஐயாவோடு அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் "ஆ, தேயிலை!" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கம் தேயிலை இல்லை, நெல் என்றேன். நெல் என்றதும் அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டார். வருடத்துக்கு எத்தனை தரம், எப்போது விதைப்பீர்கள், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக் காலபோகம், சிறுபோகம், குளத்துத் தண்ணீர், முத்தையன்கட்டுக் குளம் எல்லாம் கைகாட்டி விளங்கப்படுத்தினேன். வகுப்பில் 'குளம்', 'வாய்க்கால்', 'அறுவடை' என்ற சொற்களை நான் முதலிலேயே படிப்பிப்பது இதற்காகத்தான். சோதனைக்கு அவை வராது. உங்களை ஒரு ஆளாக அவர்கள் முன்னே நிறுத்துவது அந்தச் சொற்கள்தான்.

ஒரு மரியாதை விஷயம். நாங்கள் வயதானவரைக் கண்டால் ஐயா, அம்மா, அப்பு, ஆச்சி என்று கூப்பிடுவோம். ஜப்பானில் அறிமுகமில்லாத வயதானவரைத் தாத்தா, பாட்டி என்று கூப்பிட்டால் பலருக்குப் பிடிக்காது. குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிடுங்கள். வீட்டு வாசல் தகட்டில் அந்தப் பெயர்தான் எழுதியிருக்கும். இல்லத்துக்குள் பராமரிக்கும்போதும் இதே முறைதான். பெயர் தெரியாவிட்டால் "சுமிமாசென்" என்று தொடங்குங்கள்.

சாப்பாடு

கட்டிக்கொண்டு போவது நல்லது, செலவும் குறைவு. பூங்கா வாங்கில் இருந்து சாப்பிடலாம். நடந்துகொண்டே சாப்பிடுவதை அங்கே நல்ல பழக்கமாக எடுக்க மாட்டார்கள்.

வாங்குவது என்றால் கொன்பினியில் ஒனிகிரி, கடற்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை, முக்கோண வடிவில். விலை சுமார் 150 யென் தொடக்கம் 200 யென்னுக்கு மேல் வரை. உறையில் 1, 2, 3 என்று இலக்கம் இருக்கும். 1 ஐப் பிடித்து நடுவால் கீழே இழுத்துச் சுற்றிவரக் கிழிக்க வேண்டும், பிறகு 2 ஐயும் 3 ஐயும் இரண்டு பக்க மூலைகளால். அப்படி உரித்தால் தாள் மொறுமொறுப்பாகச் சோற்றில் ஒட்டும். ஒழுங்கு மாறினால் தாள் உறையோடு போய்விடும். மரக்கறிக்காரர் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் வைத்த உமே எடுக்கலாம். பச்சை மாங்காய் உப்போடு தின்று வளர்ந்த எங்களுக்கு அது உடனே பிடிக்கும். ஆனால் உமேயிலும், சைவம்போலத் தெரிகிற கடற்பாசி ஒனிகிரியிலும் கூட, மீன் சாறு சேர்ந்திருக்கக் கூடும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் விமானம் ஏறுமுன்னே அந்த இரண்டையும் குறிக்கிற ஜப்பானிய எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதப் பழகுங்கள். இறைச்சிக் கடையில் சூடாக விற்கிற உருளைக்கிழங்கு கட்லட்டுக்குள்ளும் பெரும்பாலும் அரைத்த இறைச்சி இருக்கும். 2020 ஜூலையில் இருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு, எனவே துணிப்பை கொண்டு போங்கள்.

வாசலில் துணித் திரை தொங்கினால் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது. சில இடங்களில் உள்ளே போனதும் ஒரு இயந்திரத்தில் காசு போட்டுச் சிட்டை எடுக்க வேண்டும். 2024 ஜூலையில் புதுத் தாள் காசு வந்தது. பழைய இயந்திரங்கள் சில அதை விழுங்காது. மேலதிகமாகக் காசு வைத்துவிட்டு வர வேண்டாம், பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

வழியில் சாமி

முறிகண்டியில் எந்த வாகனமும் நிற்காமல் போகாது. யாழ்ப்பாணம் போகிறவர்களும் கொழும்பு போகிறவர்களும் இறங்கி, பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். ஜப்பானில் வழியோர ஜிஸோ அப்படி. பயணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் காவல். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், யாரோ ஒரு ஆச்சி பின்னிய தொப்பி போட்டிருக்கும், முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். வாய்க்கால் கரையில் இருந்த அந்த ஜிஸோவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் நான் போனதில்லை. நின்று கைகூப்புங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சிவப்பு வாசல் வைத்து, இரண்டு பக்கமும் கல் நரி இருந்தால் அது இனாரி, நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். குளத்துக்கு நடுவே சின்னக் கோவில் கண்டால் அநேகமாகப் பென்சைத்தென். எங்கள் சரஸ்வதிதான் பௌத்தத்தோடு சீனம் வழியாக அங்கே போய், வீணைக்குப் பதிலாகப் பீவா என்ற வாத்தியத்தை மடியில் வைத்திருக்கிறா. பிள்ளையாரும் கங்கித்தென் என்ற பெயரில் இருக்கிறார், ஆனால் உருவத்தைப் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான் வைப்பார்கள். இனாரி போன்ற ஷிந்தோக் கோவிலில் வணங்கும் முறை: வாசலில் குனிந்து, பாதையின் நடுவை விட்டுக் கரையால் நடந்து, தொட்டித் தண்ணீரில் இடது கை, வலது கை, பிறகு வாய் கழுவுங்கள். காசு போட்டு, இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, வேண்டிக்கொண்டு, இன்னொரு தரம் குனியுங்கள். பௌத்த விகாரை என்றால் கைதட்டக் கூடாது.

கம்பத்தில் எழுதியிருக்கிற உயரம்

2004 மார்கழி 26 அன்று நான் முள்ளியவளையில் பாடசாலைப் பிள்ளை. கள்ளப்பாட்டில் இருந்து வந்து எங்களோடு படித்தவர்கள் இருந்தார்கள். அன்றைக்குக் கடல் வரும் என்று யாருக்கும் தெரியாது, எங்கே ஓடுவது என்றும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆகவே இந்தப் பகுதியை மட்டும் ஒருவரும் விட்டுவிட்டு வாசிக்காதீர்கள்.

ஜப்பானின் கடலோர ஊர்களில் கம்பங்களில் கடல் மட்டத்தில் இருந்து அந்த இடம் எத்தனை மீற்றர் உயரம் என்று தகடு அடித்திருப்பார்கள். உங்கள் சுற்றில் அதைத் தேடி வாசியுங்கள். அலையும் ஓடுகிற மனிதனும் வரைந்த பலகை, எங்கே ஏற வேண்டும் என்று காட்டும்; அது மேடாகவும் இருக்கலாம், உயரமான கட்டிடமாகவும் இருக்கலாம், இரும்புக் கோபுரமாகவும் இருக்கலாம். ஹமமட்சுக் கரையில் 17.5 கிலோமீற்றர் நீளத்துக்கு அணை கட்டி 2020 இல் முடித்தார்கள். அப்படி இருந்தும் பலகைகளை எடுக்கவில்லை, பயிற்சியையும் நிறுத்தவில்லை. 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது கமாயிஷி நகரில் பாடசாலைப் பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். ஓடிய பாதையில் அவர்கள் முன்பே நடந்து பழகியிருந்தார்கள்.

நீங்களும் மாதம் ஒரு தரம் மத்தியான நடையை அந்த இடம்வரை நடவுங்கள். எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போனால் எத்தனை நிமிடம் என்றும் கணக்கெடுங்கள், ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் தனியாக ஓட மாட்டீர்கள். நடந்து போகும்போது நிலம் அதிர்ந்தால் கல் மதிலையும் குளிர்பான இயந்திரத்தையும் விட்டு விலகுங்கள். 2018 இல் ஒசாக்கா நிலநடுக்கத்தில் பாடசாலை மதில் விழுந்து, வழியால் போன ஒன்பது வயதுப் பிள்ளை இறந்தது. தீயணைப்புக்கும் அம்புலன்சுக்கும் 119, பொலிசுக்கு 110.

இன்னும் சில

ஆட்களையும் பிள்ளைகளையும் வீட்டு வாசல்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மதிலுக்கு வெளியே தொங்கினாலும் பழம் பறிக்காதீர்கள். போனில் பலத்துக் கதைத்துக்கொண்டு குடியிருப்புத் தெருவில் போகாதீர்கள். குப்பை வைக்கும் இடத்தில் காகத்துக்கு வலை மூடியிருக்கும்; எந்த நாள் எந்தக் குப்பை என்று அங்கேயே எழுதியிருக்கும், தங்குமிடத்துப் பட்டியலும் அப்படித்தான். ஆடி, ஆவணியில் வெயிலை எளிதாக எண்ணாதீர்கள். வன்னி வெயிலில் நின்றவர்கள் என்றாலும் அங்கே ஈரப்பதன் வேறு, வியர்வை காயாது. தொப்பி, தண்ணீர், நிழல் பக்கம். வெப்ப எச்சரிக்கை போட்ட நாளில் பூங்காவோடு திரும்புங்கள்.

இப்போதே இங்கே பழகலாம். என் வகுப்பில் சனிக்கிழமைகளில் கரடிப்போக்குச் சந்தியில் இருந்து கந்தசுவாமி கோவில் வரை நடக்க விடுகிறேன். கண்ணில் படுகிற பத்துப் பொருளுக்கு ஜப்பானியப் பெயர் சொல்ல வேண்டும், வழியில் காண்கிற மூன்று பேருக்கு வணக்கம் சொல்ல வேண்டும், தமிழில்தான். அதில்தான் பிள்ளைகளுக்குக் கூச்சம் கூட. "தெரியாத ஆட்களுக்கு எப்பிடி ரீச்சர்?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். இப்போது பழக்கடை அம்மா அவனைக் கண்டால் "எங்க தம்பி, இண்டைக்குப் பிந்திப்போச்சு?" என்கிறா. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சந்தியில் நிற்பேன். வர விரும்புகிறவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவாருங்கள், குப்பைக்கு ஒரு சின்னப் பையும்.